புதுப் பெயின்ட் அடித்த எம்ஜிபி: வாங்கும் முன் ஜாக்கி போட்டுப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த மேல்பகுதி கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கதவுக்குக் கீழே இருக்கும் ‘சில்’ (sill) தகடுகளை மாற்றி, புதிதாகப் பெயின்ட் அடித்ததாம். பாடி பளபளக்கிறது. ஆனால் இன்ஜின் புகைகிறது, ஆயிலும் ஒழுகுகிறது. வாங்கலாமா?

பதில்: புகையை இப்போதைக்கு விடுங்கள். அந்த 1798 சிசி இன்ஜின் எளிமையானது, கெட்டியானது. உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. எனக்குப் பயமெல்லாம் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான்.

இதற்கு முன் வந்த எம்ஜிஏ காருக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இருந்தது. 1962இல் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபி வந்தபோது பாடியே சேசிஸ் ஆகிவிட்டது. ரோட்ஸ்டருக்குக் கெட்டியான தகட்டுக் கூரையும் இல்லை. அதனால் வண்டி நடுவில் தொய்யாமல் பிடித்து நிறுத்தும் பெரும் பொறுப்பு கதவுக்குக் கீழே ஓடும் சில்லுக்கு. அது ஒற்றைத் தகடு அல்ல. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவே செங்குத்தாக ஒன்று, அடியில் பல் பல்லாக மடிந்த காசில் ரெயில். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் தங்கிவிடும். குளிர்காலச் சாலை உப்பும் சேர்ந்துகொண்டால் துரு உள்ளிருந்தே தின்று வரும். பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே நிறையப் போயிருக்கும்.

சில்லின் வெளித்தகடு மட்கார்டுகளுக்கு உள்ளேயும் நீளும். ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டியாக வேண்டும். செலவுக்குப் பயந்தவர்கள் பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். கதவின் முன்விளிம்புக்குக் கீழே மட்கார்டும் சில்லும் சேரும் செங்குத்துக் கோட்டைத் தேடுங்கள். அது பட்டிக்குள் (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) மறைந்து வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு காந்தத்தையும் எடுத்துப் போங்கள்; பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

அப்புறம் முக்கியமான சோதனை. பக்கவாட்டு ஜாக்கிப் புள்ளியில் ஜாக்கி வைத்து, சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்கச் சொல்லுங்கள். இப்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு பிடித்தாலோ, கதவின் பின்பக்க இடைவெளி மாறினாலோ எலும்பு போய்விட்டது என்று அர்த்தம். உரிமையாளர் ஜாக்கி வைக்கவே மறுத்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

எல்லாம் தெரிந்தே வாங்குகிறீர்களா? சரி, பாடி வேலையை முதலில் முடியுங்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி மடங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். முதலில் அங்கங்கே புள்ளி புள்ளியாக வெல்டிங், பிறகு கதவை மாட்டி இடைவெளி பார்த்தல், அதன் பிறகே முழு வெல்டிங். முடிந்ததும் துரு பிடிக்காமலிருக்கச் சில்லுக்கு உள்ளே மெழுகு பீய்ச்சச் சொல்லுங்கள். இதைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

பாடி மொத்தமும் போயிருந்தாலும் வழி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளையே கொண்டு எம்ஜிபிக்குப் புதிய பாடி ஷெல் செய்து தந்திருக்கிறது. விலை அதிகம், ஆனால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுச் செலவழிப்பதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு அங்கே எம்ஓடி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை, கட்டாயமில்லை. அதனால் இந்த வண்டியின் அடிப்பகுதியை வெளியார் யாரும் பல வருடங்களாகப் பார்க்காமலேகூட இருந்திருக்கலாம். பணம் கொடுக்கும் முன் விருப்பச் சோதனையாக ஒரு எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.