நீலத்திரை விழுந்தால் ஃபோர்மட் கடைசி வேலை

கேள்வி: வீட்டுக் கம்பியூட்டர் நாளுக்கு மூன்று நான்கு தரம் நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் இரண்டு முறை விண்டோஸ் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. திரையில் வரும் எழுத்து ஒவ்வொரு முறையும் வேறு. இனி மதர்போர்ட் மாற்ற வேண்டுமாம். மாற்றட்டுமா?
– வாசகி, தர்மபுரம்

பதில்: பொறுங்கள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: எழுத்து மாறுகிறது. டிரைவர் (ஒரு கருவியை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) பழுதென்றால் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தான் திரும்பத் திரும்ப வரும். இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘பேஜ் ஃபால்ட்’ என்று மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் ரேம், அதாவது கம்பியூட்டரின் தற்காலிக நினைவக அட்டை. பழுதான ரேமோடு விண்டோஸ் போட்டால், போடும்போதே ஃபைல்கள் பிழையாகப் பதியலாம். பிறகு எத்தனை தரம் ஃபோர்மட் பண்ணி என்ன?

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பக்கத் தகட்டைத் திறந்து கேசிங்கின் வெற்று இரும்பைத் தொட்டபின் ரேமை எடுங்கள். அதன் அடியில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். கிரவல் ரோட்டுக்கு அருகில் உள்ள வீடென்றால் அதில் புழுதியும் மங்கலும் படிந்திருக்கும். சுத்தமான வெள்ளை அழிரப்பரால் இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சே போய்விடும். ரேம் பூட்டும் பள்ளமான ஸ்லொட்டை வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் போகும். திரும்பப் பூட்டும்போது ‘டிக்’ என்று கொழுவி விழவேண்டும். சில போர்ட்டில் ஒரு பக்கம்தான் கொழுவி இருக்கும்.

அதன்பின்னும் நீலத்திரை விழுந்தால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்து கம்பியூட்டரைத் தொடக்கி (பூட் பண்ணி), இரவு முழுக்க ஓடவிடுங்கள். நான்கு சுற்றும் முடியட்டும். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னோஸ்டிக் ‘பிழை இல்லை’ என்றாலும் அதை முழுதாக நம்பமாட்டேன். மெம்டெஸ்ட்டில் ஒரு பிழை வந்தாலும் போதும், சந்தேகம் உறுதி. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டிச் சோதியுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லொட்டில் மட்டும் பிழை வந்தால்தான் கடைக்காரர் சொன்ன மதர்போர்ட் கதைக்கு இடமுண்டு.

ரேமில் பிழை இல்லையென்றால் அடுத்த சந்தேகம் பவர் சப்ளை. பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் போடும் நேரத்தில் லைட் மங்கி, அப்போதே திரையும் விழுகிறதா என்று நேரத்தைக் குறியுங்கள். பவர் சப்ளையின் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே மீட்டர் பிடித்தால் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் நிற்கவேண்டும். லைன் ஏற்ற இறக்கந்தான் காரணமென்றால் சாதாரண யூ.பி.எஸ். போதாது; வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும் ‘லைன் இன்டரக்டிவ்’ வகை கேளுங்கள். வெயிலைக் குறை சொல்வார்கள். ஆனால் புரொசசர் அளவுக்கு மீறிச் சூடானால் நீலத்திரை வருவது குறைவு. முதலில் வேகம் குறையும், பிறகு சொல்லாமல் நின்றுவிடும்.

கேள்வி: யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள் வாங்கிக் குத்தியதிலிருந்து நீலத்திரை. எப்போதும் ஒரே எழுத்து, கீழே ஒரு ஃபைல் பெயரும் வருகிறது.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: இது ரேம் அல்ல, டொங்கிளின் டிரைவர். அந்த ஃபைல் பெயரைப் போனில் படம் எடுங்கள். திரை ஓடி மறைந்தால், அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸில் ‘ஸ்டார்ட்டப் அன்ட் ரிக்கவரி’க்குள் ‘ஒட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் டொங்கிளை, டிரைவரையும் சேர்த்து அன்இன்ஸ்டோல் பண்ணிக் கழற்றுங்கள். டொங்கிளின் உடம்பில் அச்சிட்டிருக்கும் மொடல் இலக்கத்தைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று வரும் மென்பொருள்களைக் கிட்ட எடுக்காதீர்கள். விண்டோஸுக்குள்ளேயே போக முடியாவிட்டால், டொங்கிளைக் கழற்றிவிட்டு ஒன் பண்ணிப் பாருங்கள். அநேகமாக உள்ளே போய்விடும்.