இரண்டாம் பாகத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்

பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சினிமா பற்றியவை. ஏற்கெனவே ஓடிய படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் வரிசையாக வருகின்றன. பார்த்தவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். யாரை நம்பிக் காசு கொடுப்பது என்பதுதான் எல்லாருடைய கவலையும். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். போன மாதம் ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு அடுத்த பாகம் வந்தது. முதல் காட்சி முடிவதற்குள்ளேயே என் அண்ணன் மகன் "வேற லெவல்" என்று ஸ்டேட்டஸ் போட்டான். அதை நம்பி மறுநாள் இரவே ஐந்து பேராக ஈப்போவுக்குப் போனோம். சீட்டு, பாப்கார்ன், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 190 வெள்ளி (ரிங்கிட்). படம் எங்களுக்குப் பிடிக்கவே இல்லை. பிள்ளைகள் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டார்கள். டிரெய்லரில் காட்டிய ஒரு சண்டையும் படத்தில் இல்லை. இது ஏமாற்று இல்லையா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம் வருகிறது. அன்று இரவு உங்கள் குடும்பம் செலவழித்தது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. வெயிலில் குலை வெட்டிய காசு அது.

ஆனால் படம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. நீங்கள் வாங்கியது ஒரு நாற்காலியும் ஒரு காட்சியும். நன்றாக இருக்கும் என்று தியேட்டர்காரர் வாக்குக் கொடுக்கவில்லை.

டிரெய்லரில் வந்தது படத்தில் இல்லை என்ற குறை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2016இல் வந்த 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. படத்தில் அந்தப் பாட்டு இல்லை. குடும்பத்தோடு போன ஓர் ஆசிரியை வழக்குப் போட்டார். இந்தியாவின் நுகர்வோர் ஆணையம் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தயாரிப்பு நிறுவனம் மேலே போனது. 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. டிரெய்லரில் இருப்பதெல்லாம் படத்தில் இருக்கும் என்று யாரும் ஒப்பந்தம் போட்டதாக ஆகாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. அந்தத் தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் இப்படி ஒரு வழக்கை இங்கே ஒருவர் கொண்டுபோனால் எவ்வளவு சிரமம் என்பதை அது காட்டுகிறது.

எப்போது கேட்கலாம் என்றால், படம் நடுவில் நின்றால், ஒலி சரியாக வராவிட்டால், குளிர்சாதனம் வேலை செய்யாவிட்டால், நீங்கள் வாங்கிய நாற்காலி இன்னொருவருக்கும் விற்கப்பட்டிருந்தால், தமிழ் என்று போட்டுவிட்டு வேறு மொழியில் ஓட்டினால் கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி காசு வாங்குபவர் சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் கொடுக்க வேண்டும். படம் முடியும் வரை பொறுத்திருக்காதீர்கள். உடனே எழுந்துபோய் மேலாளரிடம் சொல்லுங்கள். கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கேட்டால் உங்கள் பேச்சுக்கு வலு குறைந்துவிடும்.

இனி அந்த ஸ்டேட்டஸுக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் மகன் பொய் சொல்லவில்லை அம்மா. முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவர்கள் அந்த நடிகரைப் பார்க்கப் போகிறார்கள். விசில், கைதட்டல், பக்கத்தில் பத்து நண்பர்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் நீங்கள் போனது கதை பார்க்க, அதுவும் இரண்டு சிறு பிள்ளைகளோடு. அவன் சொன்ன "வேற லெவல்" அவனுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கடைவீதி டீக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அதே படத்தைப் பார்த்த இருவர் பக்கத்து மேசையில் இருந்தார்கள். ஒருவர் ரொட்டி சானாயைப் பிய்த்து டாலில் தொட்டபடியே, "மொத பாதி போனதே தெரியல. ரெண்டாவது பாதியில எத்தன தடவ மணி பாத்தேன் தெரியுமா" என்றார். மற்றவர், "ஒனக்கு மொத பாகத்துல அந்த அப்பா-மக கதை புடிச்சிச்சில்ல? அது இதுல இல்லடா. முழுக்கத் துப்பாக்கிதான்" என்றார். ஆளுக்கு இரண்டொரு வாக்கியம்தான். நட்சத்திரம் கிடையாது, பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்றும் கிடையாது. எனக்கு வேண்டியது முழுக்கக் கிடைத்துவிட்டது. முதல் பாகத்தில் எனக்கும் அந்த அப்பா-மகள் கதைதான் பிடித்திருந்தது.

தொடர் படங்களுக்குக் கருத்துக் கேட்கும்போது "படம் எப்படி" என்று கேட்காதீர்கள். "முந்தின பாகத்தில் உனக்கு எது பிடித்தது, அது இதிலும் இருக்கிறதா" என்று கேளுங்கள். முந்தின பாகத்தைப் பற்றி உங்களைப் போலவே நினைத்தவர் யாரோ, அவருடைய பேச்சுதான் உங்களுக்கு உதவும். அவர் படிக்காதவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். யூடியூபில் லட்சம் பேர் பார்க்கிற விமர்சகரைவிட உங்கள் 190 வெள்ளிக்கு அவர் நல்ல வழிகாட்டி. அப்புறம், திங்கட்கிழமை வரை பொறுங்கள். அதற்குள் குடும்பத்தோடு போனவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். பல தியேட்டர்களில் புதன்கிழமை சீட்டு விலையும் குறைவு. ஆனால் பெரிய நட்சத்திரங்களின் படம் வந்த முதல் சில நாள்களில் சலுகை செல்லாமல் போகலாம், கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி. மகள் ஈப்போவில் வேலை செய்கிறாள். ஏதாவது படத்தின் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வந்தால் என்னையும் கூப்பிடுகிறாள். முன்பாகங்களை நான் பார்த்ததில்லை. போனால் புரியுமா, இல்லை அவள் காசு வீணா?

பதில்: ஐயா, நல்ல கேள்வி. போஸ்டரில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது.

'காஞ்சனா 2' என்ற பெயரைப் பார்த்தால் இரண்டாவது படம் என்று தோன்றும். உண்மையில் அது மூன்றாவது. 2007இல் 'முனி' வந்தது, 2011இல் 'காஞ்சனா', 2015இல்தான் 'காஞ்சனா 2'. ஆனால் எதை முதலில் பார்த்தாலும் குழப்பம் இல்லை. பயந்தாங்கொள்ளி ஒருவன், அவன் குடும்பம், ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பேய். 2014இல் தொடங்கி 2024இல் நான்காம் பாகம் வரை வந்த 'அரண்மனை'யும் அப்படித்தான். மகளோடு தாராளமாகப் போங்கள்.

'பொன்னியின் செல்வன்' வேறு. 2022 செப்டம்பரில் ஒரு பாகம், 2023 ஏப்ரலில் அடுத்தது. ஒரே கதையை இரண்டாகப் பிரித்தது. முதல் பாகம் பார்க்காமல் இரண்டாவதற்குப் போனால், கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்து போனதுபோல் இருக்கும். 2012இல் வந்த 'பில்லா 2' இன்னொரு வகை. எண் இரண்டுதான், கதை முதல் படத்துக்கும் முந்தியது. 2007இல் வந்த அந்த முதல் 'பில்லா'வின் பெரும்பகுதியை நம் நாட்டில்தான் படம் பிடித்தார்கள், உங்களுக்கு நினைவிருக்கலாம். சில படங்களில் எண்ணே இருக்காது, ஆனால் தொடர்பு இருக்கும். 2022இன் 'விக்ரம்' படத்துக்குப் போகிறவர் 2019இன் 'கைதி'யைப் பார்த்திருந்தால் பல இடங்கள் பளிச்சென்று புரியும்.

ஆங்கிலப் படங்களுக்கும் இதே கணக்குதான். 2025இல் வந்த எட்டாவது 'மிஷன் இம்பாசிபிள்', 2023இல் வந்த ஏழாவதின் தொடர்ச்சி. அதே 2025இல் வந்த ஆறாவது 'ஃபைனல் டெஸ்டினேஷன்' படத்துக்கு முன்னால் ஐந்து படங்கள் இருந்தாலும், ஒன்றையும் பார்க்காதவருக்கும் அது புரியும்.

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இது போன படம் விட்ட இடத்தில் தொடங்குகிறதா?" ஆமாம் என்றால், முந்தினதை வீட்டில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் பாயை விரித்து உட்கார்ந்தவர் நீங்கள். பாதியில் வந்து சேர்ந்தவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கதை சொல்லிவிடுவார். இப்போதும் மகள் பக்கத்தில்தானே இருக்கிறாள். போகிற வழியிலேயே காரில் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் படம் பார்த்த என் நண்பன் சொன்ன ஒரு காட்சி, நாங்கள் இங்கே பார்த்ததில் இல்லை. தியேட்டர்காரர் வெட்டிவிட்டாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நம் நாட்டில் திரைப்படத் தணிக்கை வாரியம் தனியாகப் பார்த்துத்தான் அனுமதி தருகிறது. 2016இல் 'கபாலி' இங்கே ஓடியபோது, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று முடிவில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அது இல்லை. சில சமயம் தயாரிப்பாளரே வெட்டுவார். 2024 ஜூலை 12இல் வெளியான 'இந்தியன் 2' மூன்று மணி நேரம் ஓடியது. நீளம் என்று மக்கள் சொன்னதும், சில நாள்களிலேயே சுமார் 12 நிமிடத்தைக் குறைத்தார்கள். அதனால் முதல் நாள் பார்த்தவர் "இழுவை" என்று சொன்ன இடம், பத்து நாள் கழித்துப் போகும் உங்களுக்கு வராமலே போகலாம். கருத்தைப் படிக்கும்போது எந்தத் தேதியில், எந்த நாட்டில் பார்த்தவர் என்று கவனியுங்கள்.

கேள்வி: அக்கா, ஒரு வாட்ஸ்அப் குழுவில் முதல் நாள் சீட்டு இருக்கிறது என்று ஒருவர் போட்டார். நான்கு சீட்டுக்கு 160 வெள்ளி வங்கியில் போட்டேன். கிடைத்த கியூஆர் குறி வாசலில் வேலை செய்யவில்லை. ஏற்கெனவே யாரோ உள்ளே போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். இப்போது அந்த ஆள் போனை எடுப்பதில்லை.

பதில்: தம்பி, ஒரே குறியைப் பலருக்கு விற்றிருக்கிறார். யார் முதலில் வாசலுக்குப் போகிறாரோ அவருக்குத்தான் இடம். இதற்குத் தியேட்டரைக் குறை சொல்ல முடியாது.

இப்படி நடந்தால் தெரிந்த அந்த நிமிடமே 997ஐ அழைக்க வேண்டும். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் தடுக்க அவர்களால் முயல முடியும். பிறகு வங்கிக்குச் சொல்லி, போலீஸ் புகார் கொடுங்கள். உங்களுக்கு நாள் கடந்துவிட்டது என்றாலும் புகாரைக் கொடுத்துவிடுங்கள். குழுவில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். பணம் போட்ட ரசீதையும் எடுத்து வையுங்கள்.

விற்றவர் பதிவுபெற்ற கடையோ நிறுவனமோ என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். பலர் "160 வெள்ளிக்காக யார் அலைவது" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

தியேட்டர் சீட்டைப் பற்றியும் ஒன்று. முகப்பில் அச்சடித்துத் தரும் அந்த வழவழப்பான தாள் சூட்டில் கறுக்கும், வெயிலில் வெளுக்கும். நான் பர்சில் வைத்திருந்த ஒரு சீட்டு சில மாதத்திலேயே வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. கையில் வாங்கியதுமே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனைப் பேய்ப்படத்தின் அடுத்த பாகத்துக்கு அழைத்துப் போனோம். வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் பாகத்தை அவன் தியேட்டரில்தான் பார்த்தான்!

பதில்: ஒவ்வொரு பாகத்துக்கும் தணிக்கை வாரியம் தனித்தனியாக வயது வரம்பு போடுகிறது. பி12 என்றால் சிறு பிள்ளைகள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம். 13, 16, 18 என்றால் அந்த வயது நிரம்பாதவருக்கு இடம் இல்லை, பெற்றோர் கூட இருந்தாலும் இல்லை. சீட்டு வாங்கும் பக்கத்திலேயே அது போட்டிருக்கும் என்பதால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம். முதல் பாகத்தை நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே பார்த்து, கருத்து எழுதி, கூடவே ஹீரோ வருகிற இடத்தை 20 விநாடி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவேன். ஊரில் எல்லாரும் என் கருத்தைக் கேட்டுத்தான் போகிறார்கள். இதில் தப்பு இருக்கிறது என்று அப்பா சொல்கிறார்.

பதில்: அப்பா சொல்வது சரி. தியேட்டருக்குள் திரையைப் பதிவு செய்வது 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட், ஒரு லட்சம் வரை போகலாம். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. 20 விநாடி என்றாலும் பதிவு பதிவுதான் தம்பி. இருக்கிற வீடியோக்களை இன்றே அழித்துவிடு.

கருத்து எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது, அது உன் உரிமை. ரசிகர்கள் திட்டினாலும் மாற்றாதே. கதையின் முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடாதே, முடிவைச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் போகிறவரின் காசு பாதி போனதுபோல்தான். எந்தக் காட்சிக்குப் போனாய், முந்தின பாகங்களைப் பார்த்திருக்கிறாயா, பிள்ளைகளோடு போகலாமா, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இதையும் சேர்த்து எழுது. உன் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தோட்டத்தில் யாரோ ஒருவர் குடும்பத்தோடு காரில் ஏறப்போகிறார். அடுத்த படத்துக்கு எழுதியதை எனக்கும் அனுப்பு.