தேவைப்பட்டா ஒரு பறவை தன்னையே மாத்திக்குமா?

சூழ்நிலை மாறினா பறவை அதுக்கேத்த மாதிரி தன் அலகை மாத்திக்குமானு கேட்டிருக்கீங்க. மாத்திக்காதுங்க, நெறைய பேர் குழம்புறது இங்கதான். தனி ஒரு பறவை வளர்ந்தப்போ அமைஞ்ச அலகோடதான் சாகும், மாறுறது தலைமுறை தலைமுறையா அந்தக் கூட்டத்தோட சராசரி அலகு.

பசிபிக் கடல்ல இருக்கிற கலாபகோஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னே மேஜர்னு ஒரு குட்டித் தீவு, அங்க பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு உயிரியல் ஆய்வாளர் தம்பதி 1973லேர்ந்து ஃபிஞ்ச் குருவிங்களுக்கு வளையம் மாட்டி ஒவ்வொண்ணோட அலகையும் அளந்துட்டே வந்தாங்க, 1977ல கடுமையான வறட்சி, சின்ன விதையெல்லாம் தீர்ந்துபோய் பெரிய கெட்டி விதைதான் மிச்சம், அதை உடைக்க முடியாம சின்ன அலகு குருவிங்கதான் அதிகமா செத்துச்சு, தடிச்ச அலகு உள்ளது தப்பிச்சு குஞ்சு பொரிச்சுது. அலகு அளவு பெரும்பாலும் அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்றது, அதனால அடுத்த தலைமுறையோட சராசரி அலகே பெருசாயிடுச்சு. ஒரே தலைமுறையில!

எனக்கு இதைவிட ஆச்சரியமா இருக்கிறது அப்புறம் நடந்தது. 1983ல எல் நினோவால, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிட சூடானதால, மழை கொட்டி சின்ன விதை ஏகத்துக்கும் பெருகுச்சு, அதுக்கடுத்த வருஷங்கள்ல சின்ன அலகுக்குத்தான் சாதகம். பெரிய அலகு உசத்தின்னெல்லாம் ஒண்ணும் கிடையாது. மரபணு மாற்றம் தற்செயலா வரும், ஆனா எது பிழைக்குதுங்கிறது தற்செயல் இல்ல, அதை அன்னிக்கு இருக்கிற சூழல்தான் முடிவு பண்ணுது.