சிறு குழுக்களால் தரையிறங்கும் ராக்கெட்டை உருவாக்க முடியுமா?

முடியும், நாசாவின் பரிசுத்தொகையோடு 2006 முதல் 2009 வரை அமெரிக்காவில் நடந்த நிலவுத் தரையிறங்கிப் போட்டியே அதற்குச் சான்று. ஊர்தி செங்குத்தாக எழுந்து, 50 மீட்டர் உயரத்தை எட்டி, பக்கவாட்டில் நகர்ந்து வேறொரு மேடையில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டும். கடினமான இரண்டாம் நிலையில் ஒவ்வொரு பறப்பும் 180 விநாடியாவது நீடிக்க வேண்டும், இறங்கும் தரையும் நிலவைப் போலக் கற்களும் குழிகளும் நிறைந்ததாக இருக்கும். எரிபொருள் தீரத் தீர எடை குறைவதால், உந்துவிசையை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருப்பதுதான், என் பார்வையில், இதன் மிகப் பெரிய சவால். 2009-இல் டெக்சாஸில் ஆர்மடில்லோ குழு இதை முதலில் சாதித்தது. ஆனால் மொஹாவி பாலைவனத்தில், தீயால் சேதமடைந்த ஊர்தியை இரவோடு இரவாகச் செப்பனிட்ட மாஸ்டன் குழு, இலக்கிலிருந்து சராசரியாகச் சுமார் 19 சென்டிமீட்டர் விலகலில் அதை இறக்கி, 10 லட்சம் டாலர் முதல் பரிசை வென்றது. ஆர்மடில்லோவின் விலகல் சுமார் 87 சென்டிமீட்டர்.