சூழ்ச்சிக்கார அரசனின் சதியைக் குழந்தைகள் முறியடிக்கும் மாயாஜாலப் படக்கதை: சதியை எப்படி அமைப்பது?

கேள்வி கேட்டவர் ஆறிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு படக்கதை எழுதிக்கொண்டிருக்கிறாராம். அரசன் என்ன சதி செய்கிறான் என்று விளக்குவதற்கே பாதிப் புத்தகம் போய்விடுகிறது என்கிறார். அதே குழியில் நானும் விழுந்து எழுந்தவன் என்பதால் இந்தப் பதில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தொழில்முறை எழுத்தாளன் இல்லை. ஓவியம் வரையும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரே ஒரு படக்கதையை முடித்திருக்கிறேன். அச்சுக்கும் போகவில்லை, கையால் தைத்த நாலைந்து பிரதிகள்தான். ஆனால் அதைக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டியிருக்கிறோம்.

என் முதல் வரைவில் அரசன் அண்டை நாட்டோடு ரகசிய ஒப்பந்தம் போடுவான், தானியக் கிடங்கைக் காலி செய்வான், பழியைத் தளபதி தலையில் கட்டுவான், அப்புறம் பட்டத்து இளவரசிக்கு ஒரு பொய்க் கடிதம் வரும். எழுதும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசித்துக் காட்டியபோது மூன்றாம் பக்கத்தில் ஒரு சிறுமி, "ஒப்பந்தம்னா என்ன?" என்று கேட்டாள். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, டிராகன் எப்ப வரும்?" என்றாள். என் கதையில் டிராகனே கிடையாது.

நண்பர் அன்று ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த ஒப்பந்தத்தை நான் எப்படி வரையறது? ரெண்டு பேர் ஒரு காகிதத்தைப் பார்த்துட்டு நிக்கிற மாதிரியா?" எங்கள் கதை திரும்பியது அங்கேதான். படக்கதையில் சதி என்பது வரைய முடிகிற ஒரு பொருளாக இருக்க வேண்டும். கையில் எடுக்கலாம், ஒளித்து வைக்கலாம், உடைக்கலாம் என்கிற மாதிரி. அப்படி இருந்தால் விளக்கம் பாதிக்கு மேல் தானாகக் கழன்றுவிடும்.

இரண்டாம் வரைவில் எங்கள் அரசன் பெயர் இமையாவர்மன். கண்ணே மூடாதவன். ஊரில் யார் என்ன பேசினாலும் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது அவன் ஆசை. அதனால் பிறந்தநாள் பரிசு என்று வீட்டுக்கு ஒரு விளக்கு இலவசமாகக் கொடுக்கிறான். ஊரே அவனை வாழ்த்துகிறது. ஒவ்வொரு விளக்கிலும் ஒரு சாம்பல் நிற விட்டில் பூச்சி இருக்கிறது. வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, விடிவதற்குள் பறந்துபோய் அரசன் காதில் ஓதிவிட்டு வரும். சதி அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஒப்பந்தமும் வேண்டாம், தானியக் கிடங்கும் வேண்டாம்.

இதில் ஒரு ருசி இருக்கிறது. விட்டில் பூச்சியைப் பற்றி எழுத்தில் பாதிக் கதை வரைக்கும் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. "கயல் வீட்டில் அன்றிரவு எல்லோரும் சிரித்துப் பேசினார்கள்" என்பதுதான் வரி. படத்தில் விளக்கின் விளிம்பில் ஒரு பூச்சி. அடுத்த பக்கத்தில் பக்கத்து வீடு, அங்கேயும் ஒன்று. வாசிக்கும் பெரியவர்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, குழந்தையின் கண் படத்தில் மேய்கிறது. மூன்றாவது வீட்டில் எப்படியும் ஒரு குழந்தை கையை நீட்டி, "இங்கயும் இருக்கு!" என்று கத்திவிடும். கதாநாயகி கயலுக்கு முன்னால் சதியைக் கண்டுபிடித்தது அந்தக் குழந்தை. அதற்குப் பிறகு புத்தகத்தை மூட விடமாட்டார்கள்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்' படக்கதையில் மொத்த எழுத்தும் ஒரே வாக்கியம், ஒரு கோழி உலாவப் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. படத்திலோ அதன் பின்னாலேயே ஒரு நரி பாய்ந்து பாய்ந்து அடிபட்டுக்கொண்டு வரும். நரி என்ற சொல்லே எழுத்தில் வராது. உங்கள் அரசனின் சதியை அந்த நரியின் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி முறியடிக்கும் கட்டம். பெரும்பாலான வரைவுகள் சொதப்புவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கடைசி நேரத்தில் ஒரு தேவதை வருவாள், அல்லது மந்திர வாள் கிடைக்கும், அரசன் தோற்பான். குழந்தைகள் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் மறுபடி வாசிக்கச் சொல்ல மாட்டார்கள். அரசனின் கருவியையே அவன் மேல் திருப்புவது நல்லது. எங்கள் கதையில் பூச்சிகளை யாரும் விரட்டவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இரவில், ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் போய், ஒரே பொய்யைக் கிசுகிசுக்கிறார்கள்: நாளை ராத்திரி அரண்மனைக் கிணற்றில் நிலா விழப்போகிறது, முதலில் பிடிப்பவனுக்குத்தான் சொந்தம். நூறு பூச்சியும் ஒரே சேதியைச் சொன்னால் அரசன் நம்பாமல் என்ன செய்வான்? அவனே வலையோடு கிணற்றுக்குள் இறங்குகிறான், பிள்ளைகள் கயிற்றை மேலே இழுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. அதை நாங்கள் பார்க்கவில்லை, ஏழு வயதுப் பையன் ஒருவன் பார்த்தான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பாட்டி வீடு வரும். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல விளக்கே இல்லையே, பூச்சி எப்படி வந்துச்சு?" என்றான். நண்பர் விளக்கை வரைய மறந்து, பழக்கத்தில் பூச்சியை மட்டும் சுவரில் வைத்துவிட்டார். நாங்கள் அசடு வழிந்தோம். கையோடு அவனே இன்னொன்றும் கேட்டான்: "பூச்சி எல்லா வீட்லயும் கேட்டுக்கிட்டே இருந்தா, அவங்க எங்க உக்காந்து பிளான் பண்ணாங்க?" அதற்கு எங்களிடம் பதிலே இல்லை.

இரண்டு தவறும் சேர்ந்து ஒன்றையொன்று சரிசெய்துவிட்டன. பாட்டி வீட்டுச் சுவரிலிருந்து பூச்சியை அழித்தோம். அரசன் கொடுத்த விளக்கை வாங்காத ஒரே ஆள் அந்தப் பாட்டி என்று வைத்தோம். "எனக்கு இருட்டு பழக்கம்" என்று இரண்டாம் பக்கத்திலேயே அவள் சொல்கிறாள், அப்போது அது சாதாரணப் பேச்சாகத் தெரியும். பிள்ளைகள் திட்டம் போடுவது அந்த இருட்டு வீட்டில்தான். விளக்கு இருக்கும் பக்கங்களுக்கு மஞ்சள், பாட்டி வீட்டுக்கு மட்டும் கருநீலம் என்று நண்பர் பிரித்தார். நிறத்தை வைத்து இடத்தைச் சொல்லும் இந்த உத்தி பழையது. 1900-இல் வந்த, ஓஸ் என்ற மந்திர நாட்டுக் கதைக்கு ஓவியர் டென்ஸ்லோ வரைந்த படங்களிலேயே கதை வேறு நாட்டுக்குள் நுழைந்தால் நிறமும் மாறும்.

ஆகவே முடிவைச் சீக்கிரம் பூட்டிவிடாதீர்கள். ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட சக்கரவர்த்தியின் புத்தாடைக் கதையில், அரசர் உடம்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் குழந்தை கையெழுத்துப் பிரதியில் கிடையாது, அச்சுக்கு முந்தைய திருத்தத்தில்தான் சேர்த்தார். அந்தக் குழந்தை இல்லாமல் அந்தக் கதையை யோசித்துப் பாருங்கள்!

பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம், தாளை அச்சடித்து மடிக்கும் முறையால் வந்த எண் அது. தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதைக்கு விரித்த பக்கங்களாக (எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒன்று) பதின்மூன்று பதினான்குதான் தேறும். எட்டுத் தாளை நடுவில் மடித்துத் தைத்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் செய்து, குச்சி மனிதர்களாகவே கிறுக்கிப் பாருங்கள். ரகசியம் எப்போதும் பக்கத்தைத் திருப்பியதும் வரட்டும், கேள்வி வலப்பக்கத்தில் முடியட்டும். அரசன் முகம் நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் முதல் டம்மியில் அவன் மூக்கு தையலுக்குள் போய்விட்டது.

கடைசியாக, அரசனை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரியவர்கள் அவனைத் திருந்த வைக்க ஆசைப்படுகிறார்கள், பிள்ளைகள் பாதாளச் சிறை கேட்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கிணற்றுக்குள் பூச்சிகள் வரவில்லை, கேட்பதற்கு ஒரு பேச்சும் இல்லை. கடைசிப் படத்தில், முதல் பக்கத்திலிருந்து அகலத் திறந்தே இருந்த இமையாவர்மனின் கண்கள் மூடியிருக்கின்றன. எழுத்து ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கம் வந்ததும் ஒன்பதாம் பக்கத்துப் பையன் குரலைத் தாழ்த்தி, "தூங்கறான், மெதுவாப் படிங்க" என்றான்.