தேங்காய்ப்பாலும் பத்தாயிரம் ரூபாக் கிறீமும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முகத்தைப் பற்றியவை. இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் கிறீம் கலக்கியவன் நான் என்று முன்பொருமுறை வாய் தவறிச் சொன்னதன் பலன் இது. சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: காலி வீதியில் ஒரே கடையில் 650 ரூபாவுக்கும் ஒரு முகக் கிறீம் இருக்கிறது, 9,800 ரூபாவுக்கும் இருக்கிறது. இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் முதலாவது பொருள் தண்ணீர். பத்தாயிரம் ரூபா வாங்கிக்கொண்டு தண்ணீரையா விற்கிறார்கள்? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: தண்ணீரைத்தான். ஆனால் அதற்காகக் கோபப்பட வேண்டாம். தேங்காய்ப்பாலிலும் பெரும்பங்கு தண்ணீர்தானே. கிறீம் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் அவர்களைச் சமையலறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். தேங்காய்ப்பாலில் எண்ணெய் நுண்ணிய துளிகளாகத் தண்ணீருக்குள் மிதக்கிறது. தேங்காயிலுள்ள புரதம் துளிகளைச் சூழ்ந்து நின்று, ஒன்றோடொன்று சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சொதியைத் துழாவாமல் கொதிக்கவிட்டால் அந்தப் பிடி தளர்கிறது. பால் திரைந்து எண்ணெய் தனியே நிற்கிறது. கிறீமும் இதே கூட்டுத்தான். புரதத்தின் வேலையை அங்கே கிளிசரைல் ஸ்டியரேட் போன்ற ஒரு பால்மமாக்கி செய்கிறது. செட்டியரைல் அல்ககோல் அதற்குத் துணை நின்று கலவையைத் தடிப்பாக்குகிறது. பெயரில் அல்ககோல் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். அது மெழுகு போன்ற கொழுப்பு. தோலை உலர்த்தும் சாராயம் அல்ல.

தொழிற்சாலையிலும் பெரிய மாயம் எதுவும் இல்லை. ஒரு பானையில் தண்ணீரும் கிளிசரினும், இன்னொன்றில் எண்ணெயும் மெழுகும் பால்மமாக்கியும். இரண்டையும் ஏறக்குறைய 75 பாகை வரை சூடாக்கி, ஒன்றில் மற்றதை ஊற்றி, வேகமாகச் சுழலும் கலக்கியால் அடிப்போம். வெள்ளையாகத் திரண்டு வரும் அந்தக் கணம் ஆறு வருடத்திலும் எனக்கு அலுக்கவில்லை. ஆறி 40 பாகைக்குக் கீழே வந்த பிறகுதான் வாசனையும், சூடு தாங்காத விற்றமின்களும் உள்ளே போகும்.

இதைத் தோலில் பூசினால் நடப்பது என்ன? தோலின் மேற்படை இறந்த கலங்களால் ஆனது. முகத்தில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். கலங்கள் செங்கல் என்றால், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. சாந்து கழன்றால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது, தோல் வறள்கிறது. கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய்கள் இடைவெளிகளை நிரப்பி மிருதுவாக்கும். பெற்றோலியம் ஜெலி போன்றவை மேலே மூடிபோல் நின்று நீரை வெளியே விடாது. மூடுகிற வேலையில் அந்த மலிவான ஜெலியை வெல்லக்கூடிய பொருள், எவ்வளவு விலை கொடுத்தாலும் கிடைப்பது அரிது. ஆனால் கொழும்பின் புழுக்கத்தில் அதை முகத்தில் அப்பிக்கொண்டு பஸ்ஸில் நிற்க முடியாது என்பதும் உண்மை. இங்கே பலருக்கு மெல்லிய லோஷன் போதும். கோட்டைப் பக்கம் நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்குத்தான் சற்றுக் கனமானது தேவைப்படும்.

இனி, கடையில் நின்றே விலையை நிறுக்க ஒரு வழி. பட்டியலில் பொருட்களை அளவு கூடியதிலிருந்து குறைந்ததாக எழுதுவது வழக்கம். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பீனொக்சியெத்தனோல் என்ற பாதுகாப்புப் பொருளை ஐரோப்பிய விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. எனவே பட்டியலில் அதைத் தேடிப் பிடியுங்கள். அதற்குப் பின்னால் வரும் பெயர்கள் அநேகமாக ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாதவை. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் குங்குமப்பூவும் மரமஞ்சளும் இருக்கும். பின்பக்கத்தில் இரண்டும் பீனொக்சியெத்தனோலுக்குப் பின்னால் வாசனைத் திரவியத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு டிரம்முக்கு ஒரு கரண்டி என்று அவற்றை நானே ஊற்றியிருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கோலால் அளக்கவும் கூடாது. சுருக்கத்துக்குச் சேர்க்கும் ரெட்டினோல் (விற்றமின் ஏ வகை) ஒரு சதவீதத்துக்கு நன்றாகக் கீழேயே வேலை செய்யும். நியசினமைட் (விற்றமின் பி3 வகை) என்றால் இரண்டு முதல் ஐந்து சதவீதம் வேண்டும். அது பட்டியலின் கடைசியில் கிடந்தால் வாங்காதீர்கள்.

உங்கள் 9,800 ரூபாவில் ஒரு பங்கு நியாயமானதாகவும் இருக்கலாம். காற்றும் ஒளியும் புகாத பம்புப் போத்தலும், கலவை மாதக்கணக்கில் திரையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளும் செலவு பிடிப்பவை. மிச்சம் கனமான கண்ணாடிச் சாடிக்கும், வரிக்கும், விளம்பரத்தில் சிரிக்கும் முகத்துக்கும் போகிறது. தோலை ஈரமாக வைத்திருப்பதுதான் உங்கள் தேவை என்றால் 650 ரூபாக் கிறீமை வாங்குங்கள்.

கேள்வி: பாதுகாப்புப் பொருள் எதுவும் சேராத இயற்கைக் கிறீம் என்று முகநூலில் ஒருவர் வீட்டில் செய்து விற்கிறார். நம்பி வாங்கலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: காலையில் பிழிந்த தேங்காய்ப்பாலை மாலைவரை மேசையில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் உள்ள எந்தக் கலவையிலும் நுண்ணுயிர் குடியேறும். நம் ஊர்ச் சூட்டில் இன்னும் விரைவாக. எங்கள் தொழிற்சாலையில் ஒருமுறை பாதுகாப்புப் பொருள் சேர்க்க மறந்த ஒரு வாளி இரண்டு கிழமை மூலையில் கிடந்தது. திறந்தபோது இளஞ்சிவப்பில் புள்ளிகள். கண்ணுக்குத் தெரிந்ததால் கொட்டினோம். தெரியாமலும் வளரும் என்பதுதான் பயம், அதுவும் கண்ணருகே பூசும் பொருளில். தண்ணீரே இல்லாத தைலம், மெழுகுக் களிம்பு என்றால் பாதுகாப்புப் பொருள் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். தண்ணீரோ கற்றாழைச் சாறோ சேர்ந்த கிறீம் என்றால் வேண்டாம்.

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு கடையில் முகம் வெள்ளையாகும் கிறீம் வாங்கினேன். பத்தே நாளில் நிறம் மாறியது, எல்லோரும் கேட்டார்கள். நான்கு மாதம் பூசினேன். இப்போது ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறது, பருக்கள் வருகின்றன. பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, பொருட்களின் பட்டியலும் இல்லை. திரும்பப் பூசினால் அடங்கிவிடுகிறது. என்ன செய்வது, அண்ணா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: தங்கச்சி, திரும்பப் பூச வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பத்து நாளில் நிறம் மாற்றுவது அழகுசாதனத்தின் வேலை அல்ல. நேர்மையான ஒரு பொருள் கரும்புள்ளியை மங்கச் செய்யவே இரண்டு மூன்று மாதம் எடுக்கும். பத்து நாள் கணக்குச் சொல்லும் பெயரில்லாப் பெட்டிகளில் உலகெங்கும் திரும்பத் திரும்பப் பிடிபடுபவை மூன்று: பாதரசம், குளோபெட்டாசோல் போன்ற வீரியமான ஸ்டெரொயிட், கருநிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் என்ற மருந்து அளவுக்கு மீறி. நீங்கள் எழுதியிருப்பது, விட்டால் எரிவதும் பூசினால் அடங்குவதும், ஸ்டெரொயிட்டுக்குப் பழகிய முகத்தின் குணம்போல இருக்கிறது. அந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி முகத்தை வெளிறச் செய்யும். நாளடைவில் தோலை மெலிதாக்கும். நிறுத்தியதும் எல்லாம் திருப்பி அடிக்கும். ஆனால் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தேசிய வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலை, கட்டணம் இல்லை. வெட்கப்படாமல் அந்தப் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியருக்கு உங்கள் முகத்தைவிட அது கூடுதலாகப் பேசும்.

பாதரசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களோடு நிற்பதில்லை. தோலில் கருநிறமி உருவாகத் தேவையான நொதியை அது முடக்குகிறது, அதனால்தான் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கால் வீக்கம், நுரைக்கும் சிறுநீர் போன்றவை இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரில் பாதரசத்தை அளந்து பார்க்க முடியும். கிறீமிலிருந்து ஆவியாகவும் வெளியேறும், துவாயிலும் தலையணையிலும் ஒட்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். மிச்சக் கிறீமைக் கழுவும் தொட்டியில் கொட்டாமல் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.

இத்தகைய சில பெட்டிகளில் ஓர் அறிவுரை இருக்கும்: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும். படித்துவிட்டு எவ்வளவு அக்கறை என்று நினைப்போம். செட்டியார் தெருவில் நகை செய்கிற யாரையாவது கேளுங்கள், பாதரசம் பட்ட தங்கம் என்னவாகும் என்று. வெளுத்துப்போகும். நகைக்கு ஆகாது என்று அவர்களே எழுதியிருப்பதைத்தான் நாம் கன்னத்தில் பூசுகிறோம். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது; கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களைத் தயாரிப்பதையும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் 2020உடன் நிறுத்த வேண்டும் என்று அது சொன்னது. பின்னர் அந்த ஒரு மில்லிகிராம் சலுகையையும் எடுத்துவிட்டார்கள்.

கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் இலக்கம் 1977. இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் இல்லாத பெட்டி என்று சொன்னாலே அவர்களுக்கு விளங்கும். இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் கேட்காதது: உங்களைப் பார்த்து எல்லோரும் கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களில் யாருக்காவது அந்தக் கடையைக் காட்டியிருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: கொலாஜன் கிறீம் பூசினால் சுருக்கம் போகுமா? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: போகாது. தோலுக்குள் நுழையக்கூடிய மூலக்கூறின் எடை ஏறக்குறைய 500 டால்டனுக்குள் (மூலக்கூறுகளை நிறுக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தோல் ஆய்வாளர்களின் பொதுக் கணக்கு. தோலைத் தாங்கி நிற்கும் புரதமான கொலாஜன் சுமார் மூன்று லட்சம். பஸ் யன்னலால் யானையை ஏற்றுகிற கதை. மேலே படிந்து ஈரம் தரும், அவ்வளவுதான்.

கேள்வி: வெயில் கிறீமில் 30 வாங்குவதா, 50 வாங்குவதா, 100 வாங்குவதா? விலை ஏறிக்கொண்டே போகிறது. மகள் பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள். (வத்தளை வாசகர்)

பதில்: அந்த எண்ணுக்கு எஸ்.பி.எப். என்று பெயர், வெயிலிலிருந்து காக்கும் அளவு. எஸ்.பி.எப். 30 என்பது தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. நூறு என்றால் 99. இந்த ஒன்றிரண்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உங்கள் பணப்பை தீர்மானிக்கட்டும். எண்ணைவிட முக்கியம் அளவு. சோதனைக்கூடத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் விலையை நினைத்துப் பட்டாணியளவு தொட்டுத் தடவுகிறோம். ஐம்பது என்று எழுதியதில் பாதிகூடக் கிடைக்காது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்குங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் கணக்கு. ஆகவே, தாராளமாகப் பூசக்கூடிய விலையில் ஒரு 30 அல்லது 50. விளையாடும் பிள்ளைக்கு வியர்வையில் கரையாதது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது என்று மகள் அடம்பிடித்தால் அது துத்தநாக ஒட்சைட்டின் வேலை. நம் நிறத்தில் நன்றாகத் தெரியும். சாயம் கலந்தது வரும், அதைத் தேடுங்கள். ஏப்ரல் முதல் கிழமையில் கொழும்பில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மைதானத்தில் பிள்ளையின் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் அந்த நேரத்தில் கிறீமைவிடத் தொப்பியும் மர நிழலும் மலிவு.

கேள்வி: மலிவு விற்பனையில் 4,200 ரூபாவுக்கு விற்றமின் சி திரவம் ஒன்று வாங்கினேன். வீட்டில் திறந்தால் தேயிலைச் சாய நிறம். காலாவதித் திகதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்கிறார் கடைக்காரர். (நாரஹேன்பிட்டி வாசகி)

பதில்: திகதி சரியாக இருக்கலாம், பொருள் சரியில்லை. அஸ்கோர்பிக் அமிலம், அதாவது விற்றமின் சி, காற்றோடும் ஒளியோடும் சூட்டோடும் சேர்ந்தால் ஒட்சியேறும். தெளிவாக இருந்தது மஞ்சளாகி, பின் கபில நிறமாகும். கபிலமானதில் வேலை செய்யும் விற்றமின் அதிகம் மிச்சமில்லை. வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்கில் நின்றிருந்தால் எந்தத் திகதியும் காப்பாற்றாது. தயாரிக்கும்போதே நிறம் சேர்த்தவையும் இருக்கின்றன, ஆகவே பட்டியலில் சாயத்தின் பெயர் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் கடைக்குத் திரும்பிப் போய் அதே பொருளில் இன்னொரு போத்தலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டின் தொகுதி இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்; ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் கடைக்காரர் தந்தே ஆக வேண்டும். அந்த மெல்லிய தாளில் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடும், இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.