மனநல மையத்தில் 'ஆக்டிவிட்டி' பார்த்துக்கொள்ள யோகா தெரிந்தால் போதுமா?

கேட்டவர் சமூகப்பணி படித்து முடித்திருக்கிறார். மனநல சேவை அமைப்பு ஒன்றில் பயனாளிகளுக்கான நலவாழ்வு நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்கும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். யோகாவும் ஓவியமும் ஓரளவு தெரியும், அது போதுமா என்கிறார்.

எனக்கு இரண்டுமே தெரியாது. வடசென்னையில் ஒரு சின்னப் பகல்நேர மையத்தில் ஆறு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். இதில் முதலில் தெரிய வேண்டியது மாத்திரை. எழுதிக் கொடுக்க டாக்டர் இருக்கிறார். ஆனால் எந்த மாத்திரை யார் உடம்பை எந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஓர் அட்டவணைகூடப் போட முடியாது.

சேர்ந்த புதிதில் நான் போட்ட அட்டவணையில் தினமும் காலை 7 மணிக்கு யோகா. கலர் பேனாவில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். 22 பேரில் 3 பேர் வந்தார்கள். மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று மனதுக்குள் திட்டினேன், மறைப்பானேன். தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் மகன் எங்களிடம் வருகிறார். அந்த அம்மாதான் ஒரு நாள் சொன்னார்: "நைட்டு மாத்திரை போட்டா ஒம்போது மணிக்குக்கூட அவனுக்குக் கண்ணு தொறக்காது தம்பி. பதினோரு மணிக்கு வை, நானும் கடைய ஏறக்கட்டிட்டு இட்டுனு வந்து வுடறேன்." 11 மணிக்கு மாற்றினேன். 14 பேர் வந்தார்கள்.

அடுத்த சறுக்கல் தியானம். கண்ணை மூடி 20 நிமிடம் உட்காரச் சொன்னோம். காதில் குரல் கேட்கும் ஒருவருக்கு, சுற்றிலும் சத்தம் அடங்கினால் அந்தக் குரல் இன்னும் ஓங்கிவிடலாம். இன்னும் சிலருக்கு மாத்திரையின் பக்கவிளைவால் கால் ஓரிடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும். இதற்கு அக்கதீசியா என்று பெயர். அப்படிப்பட்டவரைப் பிடித்து உட்காரவைத்து மனதை அடக்கு என்பது தண்டனை கொடுப்பது மாதிரிதான். இப்போது கண்ணைத் திறந்தபடி மூச்சை எண்ணும் பயிற்சி மட்டும் 5 நிமிடம். வேண்டாம் என்பவர்கள் வராண்டாவில் நடக்கலாம்.

ஓடுவது எது என்றால், கேரம். வடசென்னையில் பிறந்த ஆணுக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வருடம் வீட்டை விட்டு வெளியே வராத ஒருவர், எங்களிடம் இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் மூலையில் இருந்தவர், ஒரு நாள் எழுந்து வந்து "ரெட் போட்டா ஃபாலோ போடணும்பா, அது கூடத் தெரியாதா" என்றார். அதுதான் எங்கள் மையத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். அந்தச் செய்தி வந்த வாரம் பெண்கள் தனி போர்டு கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தோம். பவுடர் செலவு இரட்டிப்பானது.

கேரமில் இன்னொரு லாபமும் உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் ஒரு மாதமாகச் சுலபமான காயினைக்கூடத் தவறவிட்டார். ஆர்வம் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். கையைக் கவனித்தால் நடுக்கம். "சார் சரியா ஆடலை" என்று எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கை, எப்போது அதிகம் என்று ரெஜிஸ்டரில் எழுதி டாக்டரிடம் காட்டினோம். அவர் மருந்தின் அளவை மாற்றினார். பக்கவிளைவு என்று நாமே முடிவுகட்டக் கூடாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் போதும்.

வெயில் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு மே மாதம் மதியம் 3 மணிக்குத் திருவொற்றியூர் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடும் ஒருவர் திரும்பும் வழியில் தள்ளாடினார், வாந்தி எடுத்தார். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும், அது ஆபத்து. நல்லவேளை, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடிலோ வியர்வையையே குறைத்துவிடும், அப்போது உடம்புச் சூடு வெளியேறாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளியே போவதானால் இப்போது மாலை 5 மணிக்கு மேல்தான், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு.

பீடியை நிறுத்தவைப்பது நல்ல காரியம்தானே என்று நீங்கள் அதையும் கையில் எடுக்கலாம். தீவிர மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பீடிப் புகை அந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். காரணம் புகைதான், நிகோடின் இல்லை. அதனால் வாயில் புகையிலை ஒதுக்குபவருக்கு இந்தக் கணக்கு கிடையாது.

அப்புறம் பஸ். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு எங்கள் பெண்களின் வருகை கூடியது. நான் செய்த எந்தக் கவுன்சிலிங்கும் அந்த அளவுக்குக் கூட்டியதில்லை. வீட்டில் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை அல்லவா.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். இங்கே சண்டை வந்தால் முதலில் வரும் வசவே "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பதுதான். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல ஆஸ்பத்திரி 1794ல் தொடங்கியது, வசவு எப்போது தொடங்கியதோ. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. நன்கொடையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் நான் முகம் தெரியும் படம் அனுப்புவதில்லை. கேரம் போர்டும் கைகளும் மட்டும்தான்.

நேர்காணலுக்குப் போனால் ஒன்று கேளுங்கள்: பஸ் காசுக்கும் டீக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? "யோகா மேட் 30 வாங்கி வைத்திருக்கிறோம்" என்று பதில் வரலாம். பரவாயில்லை, எங்களிடமும் இருக்கிறது. கேரம் போர்டைச் சுற்றி விரித்துப்போட்டு உட்காருகிறோம்.